25 சதவீதத் தள்ளுபடிக்காக அட்வான்ஸ் வாங்காதீர்கள், தம்பி

பாம்பனிலிருந்து வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

"எனக்கு 24 வயது. பத்தாவதோடு நின்றவன். விசைப்படகில் கூலிக்குப் போகிறேன். அப்பா இல்லை. அம்மா கடலில் பாசி எடுக்கப் போகிறார். தங்கை ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து, பிளஸ் டூ தேர்வில் 600-க்கு 548 வாங்கியிருக்கிறாள். ராமநாதபுரத்தில் அரசு மகளிர் கல்லூரியில் வேதியியல் கிடைத்திருக்கிறது. எங்கள் சம்மாட்டி, அதாவது படகு உரிமையாளர், மகன் நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளியில் படித்தவன், 583. இருவரும் ஒரே தனியார் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தார்கள். அவனுக்கு மெரிட் ஸ்காலர்ஷிப் என்று கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. தங்கைக்கு 25 சதவீதம். 'என் மதிப்பு அவ்வளவுதானா' என்று அழுகிறாள். அரசு தரும் மாதம் ஆயிரம் ரூபாயைப் பிச்சைக் காசு என்கிறாள். மீதிக் கட்டணத்துக்குச் சம்மாட்டியிடமே அட்வான்ஸ் கேட்கலாம் என்றிருக்கிறேன். இரண்டு படகும் ஐஸ் கம்பெனியும் வைத்திருப்பவர் பிள்ளைக்கு முழுச் சலுகை, எங்களுக்குக் கால்வாசி. இது நியாயமா?"

அன்புள்ள தம்பி,

அட்வான்ஸ் வாங்காதீர்கள். மற்றதைப் பிறகு பேசுவோம். மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் சில நாள்தான் இருக்கிறது. படகு இறங்கும் முன்புதான் அட்வான்ஸ் கொடுத்து ஆள் சேர்ப்பார்கள். அந்தப் பணத்தை வாங்கியவன் அடுத்த படகில் பங்கு கூடக் கிடைத்தாலும் போக முடியாது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். மீன்பாடு இல்லாத வாரத்திலும் கடன் அப்படியே நிற்கும்.

அந்தப் பல்கலைக்கழகம் தங்கைக்கு அனுப்பிய கடிதத்தை எடுத்து, இருவரும் உட்கார்ந்து கடைசி வரி வரை படியுங்கள். 25 சதவீதம் எதில் என்று பாருங்கள். பெரும்பாலும் கல்விக் கட்டணத்தில் மட்டும்தான் இருக்கும். விடுதி, சாப்பாடு, தேர்வுக் கட்டணம், ஆய்வகம், 'இதர கட்டணம்' எல்லாம் முழுதாகக் கட்ட வேண்டியிருக்கும். கல்விக் கட்டணம் ஒரு லட்சம் என்று வைத்துக்கொண்டால் 25,000 குறையும், 75,000 நிற்கும், அதன்மேல் விடுதி. பிறகு இரண்டாம் ஆண்டுக்கும் இந்தச் சலுகை உண்டா, உண்டென்றால் எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் ரத்து என்று தேடிப் பாருங்கள். அது பெரும்பாலும் கடைசிப் பத்தியில் இருக்கும்.

நான் அரசு கலைக் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவள். கடைசிப் பதினாறு ஆண்டுகள் உதவித்தொகைப் பிரிவும் என் பொறுப்பில் இருந்தது. ஒரு ஜூன் மாதம் ஏர்வாடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி பிளாஸ்டிக் கவரில் ஒரே ஒரு ஜெராக்ஸ் கட்டோடு என் முன்னால் வந்து நின்றாள். முந்தைய ஆண்டு ஒரு தனியார் கல்லூரியில் இப்படித்தான் 'மெரிட்' சலுகையில் சேர்ந்தவள். முதல் ஆண்டில் ஒரு பேப்பர் அரியர். சலுகை போயிற்று, முழுக் கட்டணம் கேட்டார்கள், வீட்டில் இல்லை. அசல் சான்றிதழைக் கேட்டால் பாக்கியைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள் என்றார்களாம். மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018-லேயே பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) சொல்லியிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கும் அவள் அம்மாவுக்கும் அது தெரியாது. சான்றிதழை வாங்கவே நாங்கள் ஆறு வாரம் அலைந்தோம். ஓர் ஆண்டு இழந்து, தன்னைவிடச் சின்னப் பெண்களோடு முதலாம் ஆண்டில் உட்கார்ந்தாள். உங்கள் தங்கை கையில் இருக்கும் கடிதத்தைப் பற்றிப் படித்ததும் எனக்கு அவள் முகம்தான் வந்தது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தப் பையனுக்குக் கிடைத்த முழுத் தள்ளுபடி அரசுப் பணமல்ல. தனியார் பல்கலைக்கழகத்துக்கு 583 எடுத்த பிள்ளைகள் வேண்டும். அவர்கள் படத்தை விளம்பரத்தில் போட வேண்டும், நாளைக்கு அவர்கள் நல்ல வேலைக்குப் போனால் அதையும் போட வேண்டும். அதற்கான செலவு எங்கிருந்து வருகிறது? கட்டணம் கட்டிச் சேருகிற மற்ற பிள்ளைகளிடமிருந்து வருகிறது. தங்கை அங்கே சேர்ந்தால் அவள் கட்டும் முக்கால் பங்கிலும் ஒரு துளி அந்தப் பையன் கணக்குக்குப் போகும். நீங்கள் சம்மாட்டியிடம் கடன் வாங்கி, சம்மாட்டி மகனின் படிப்புக்கும் சேர்த்துக் கட்டுவீர்கள். வட்டி தனி. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். சேரும் போது இதை யாரும் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை என்பதால் நான் சொல்கிறேன்.

பையன் மேல் கோபப்படாதீர்கள். விடுதிப் பள்ளியில் விடியற்காலையில் எழுப்பி இரவு வரை உட்கார வைப்பார்கள். அந்த 583-க்கு அவனும் பாடுபட்டிருக்கிறான்.

பொதுப்பணத்துக்குக் கணக்கு வேறு. நீங்கள் வாங்கும் வலைக்கயிறு, அம்மா வாங்கும் சோப்பு, படகில் ஊற்றும் டீசல், எல்லாவற்றின் விலையிலும் வரி இருக்கிறது. கடைசியில் உங்கள் பங்கில்தான் அது கழிகிறது. அந்தப் பணத்தில் கொடுக்கும் உதவித்தொகை, மதிப்பெண்ணை விலைக்கு வாங்க முடிந்த வீட்டுக்கே போய்ச் சேரக் கூடாது. மதிப்பெண்ணை மட்டும் பார்த்து வரிசை கட்டினால் அங்கேதான் போகும். வாங்கிய மதிப்பெண்ணோடு, அதை எங்கிருந்து வந்து வாங்கினாள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இத்தனை ஆண்டு விண்ணப்பங்களைப் பார்த்த பிறகு நான் உறுதியாக நம்புவது இதைத்தான்.

மருத்துவப் படிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இதை ஆராய அரசு அமைத்த நீதிபதி கலையரசன் குழு, அவர்களுக்கு 10 சதவீத இடம் ஒதுக்கலாம் என்றது. அரசு 7.5 சதவீதம் என்று முடிவு செய்தது. 2020-ல் சட்டம் வந்தது, அந்த ஆண்டே நூற்றுக்கணக்கில் சேர்ந்தார்கள். அவர்களும் நீட் தேர்வில் தகுதி பெற்றவர்கள்தான். ஓர் ஆண்டுக்குள் நம் பிள்ளைகளின் மூளை மாறிவிடவில்லை. யாரோடு யாரை ஒப்பிடுவது என்பது மாறியது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, மீன்வளம், சட்டம் என்று மற்றத் தொழிற்படிப்புகளுக்கும் அது வந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேருகிறவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது.

ஊரகத் திறனாய்வுத் தேர்வு என்று ஒன்று வெகுகாலமாக நடக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் கிராமப்புறப் பள்ளிகளிலிருந்து 50 மாணவர், 50 மாணவியர். ராமநாதபுரத்துப் பிள்ளை ராமநாதபுரத்துப் பிள்ளையோடுதான் போட்டி போடுகிறது, சென்னைப் பிள்ளையோடு அல்ல. இந்த அமைப்பை யோசித்தவருக்கு என் வணக்கம். ஆனால் தேர்வானவர்களுக்கு வரும் உதவித்தொகை ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய். மாதத்துக்கு 83 ரூபாய் சொச்சம். பாம்பனிலிருந்து ஒரு நாள் ராமநாதபுரம் போய் வந்து, மதியம் ஒரு சாப்பாடும் சாப்பிட்டால் தீர்ந்துவிடும்.

தங்கை 'பிச்சைக் காசு' என்று சொன்னதுதான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது. அவளிடம் ஒரு கணக்கைக் காட்டுங்கள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம், ஆண்டுக்கு 12,000. பிளஸ் டூ மதிப்பெண் பார்த்து மத்திய அரசு தரும் கல்லூரி உதவித்தொகை ஒன்று இருக்கிறது. தன் தேர்வு வாரியத்தில், தன் பாடப்பிரிவில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்தவர்களுக்கு, நாடு முழுவதும் ஆண்டுக்கு 82,000 பேருக்குத் தருகிறார்கள். 'மெரிட்' என்ற பெயரோடு வரும் அந்தத் தொகை இளநிலைப் படிப்பில் ஆண்டுக்கு எவ்வளவு தெரியுமா? அதே 12,000. அதற்கும் குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்று வரம்பு உண்டு. எட்டாம் வகுப்பில் தேர்வெழுதி ஒன்பது முதல் பன்னிரண்டு வரை பெறும் தேசியத் திறன்வழி உதவித்தொகையும் ஆண்டுக்கு 12,000-தான், அதற்கும் வருமான வரம்பு உண்டு. ஒன்றுக்குத் தகுதி என்று பெயர், மற்றொன்றுக்கு உதவி என்று பெயர். கையில் வருவது ஒரே பணம். அரசுப் பள்ளியில் படித்து, உயர்கல்விக்கு வந்து சேர்ந்தவள் என்பதற்காகப் புதுமைப் பெண் பணம் வருகிறது. அதுவும் அவள் சம்பாதித்ததுதான்.

அந்த 548-ஐப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அலையில் பாறையைப் பிடித்தபடி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி பறிக்கும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். துணியை அவிழ்த்தால் விரல் நுனி வெளுத்துச் சுருங்கி, கீறல் கீறலாக இருக்கும். உங்கள் அம்மா அந்தக் கையோடு கரையேறும் நேரத்துக்கு வீட்டில் சோறு யார் வடித்தார்கள்? நீங்கள் எழுதவில்லை, எனக்குத் தெரியும். அடுப்புக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவில் வாங்கிய 548 அது. விடுதிப் பள்ளியின் 583-ஐ விட அது சிறியது என்று நான் எந்த மேடையிலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அவள் கூச்சத்துக்கு எங்களைப் போன்றவர்களும் காரணம். நான் பொறுப்பேற்ற முதல் ஆண்டு, உதவித்தொகை பெறுவோர் பட்டியலை வழக்கப்படி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். பெயர், வகுப்பு, சாதிப் பிரிவு, பெற்றோர் வருமானம், தொகை. மூக்கையூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி மாலையில் எல்லாரும் போகும் வரை தூணோரம் நின்று, பிறகு வந்து தன் பெயரைப் பார்த்தாள். மறுநாளே அந்தத் தாளைக் கிழித்தேன். அன்றிலிருந்து பெயர்களைத் தனித்தனித் துண்டுச் சீட்டில்தான் கொடுத்தோம். உரிமையான பணத்தை ஒளிந்து நின்று பார்க்கும்படி ஒரு பெண்ணை நாங்கள் வைத்திருந்தோம். இன்றும் அது எனக்கு உறுத்துகிறது.

இருக்கிற ஏற்பாடு எல்லாம் சரி என்றும் நான் சொல்லவில்லை. நம் கடற்கரை ஊர்களில் பங்குத்தந்தையர் தொடங்கிய பள்ளிகள் எத்தனை! அரசு உதவிபெறும் பள்ளிகள் அவை. அங்கே படித்த மீனவர் பிள்ளைக்கு 7.5 சதவீதத்தில் இடமில்லை. ஒரே தெருவில், ஒரே படகில் போகும் இருவரின் பிள்ளைகள், பள்ளியின் பெயர்ப்பலகையால் பிரிந்துவிடுகிறார்கள். புதுமைப் பெண் திட்டத்தைப் பிறகு அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரித்தார்கள். ஒதுக்கீட்டிலும் அந்தக் கதவு திறக்க வேண்டும்.

உதவித்தொகையைவிடப் பெரிய அநியாயம் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை. கல்லூரிக்கே போகிற பணம். 23 ஐ.ஐ.டி.களுக்கு மத்திய பட்ஜெட்டில் ஓர் ஆண்டுக்கு ஒதுக்குவது பத்தாயிரம் கோடி ரூபாய்க்கு மேல். அங்கே படிப்பவர்கள் சுமார் 1.35 லட்சம் பேர். நாடு முழுவதும் உள்ள மாநிலப் பல்கலைக்கழகங்களையும் அவற்றின் கல்லூரிகளையும் மேம்படுத்த மத்திய அரசு வைத்திருக்கும் பி.எம்.உஷா திட்டத்துக்கு 2023-24 முதல் மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்து 12,926 கோடி. நாட்டில் 80 சதவீதத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் படிப்பது இந்த மாநிலப் பல்கலைக்கழகங்களில்தான் என்று மத்திய அரசின் கொள்கை அமைப்பான நிதி ஆயோக்கே 2025-ல் சொன்னது. இவற்றின் சம்பளச் செலவை மாநில அரசு பார்க்கிறது என்பது உண்மை. அங்கும் கை தாராளமாக இல்லை. நிரந்தர ஆசிரியர் ஓய்வு பெற்றால் அந்த நாற்காலியில் கௌரவ விரிவுரையாளர் வந்து உட்காருகிறார், மாதம் 25,000 ரூபாய்க்கு. என் துறையில் என்னோடு பாடம் எடுத்த முனைவர் பட்டம் பெற்ற பிள்ளைகள், மாலையில் வேறு வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்தினார்கள். ஐ.ஐ.டி.க்குக் கொடுக்காதே என்று நான் சொல்லவில்லை. அங்கும் ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டண விலக்கு உண்டு. ஆனால் அங்கே நுழையக் கோச்சிங்குக்கு லட்சக்கணக்கில் செலவழிக்க முடிந்த வீடுகள்தான் அதிகம் என்பதும், அவர்கள் தலைக்கு இவ்வளவு, நம் பிள்ளைகள் தலைக்கு இவ்வளவு என்பதும் கண்ணுக்கு முன் நிற்கிறது.

பாம்பன் பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும் வரை தீவிலிருந்து வருகிற பிள்ளைகளுக்குப் பேருந்துதான் கதி. முதல் பீரியட் போய்விடும். 75 சதவீத வருகை இல்லையென்றால் பரீட்சை எழுத முடியாது. தங்கச்சிமடத்துப் பெண் ஒருத்திக்கு உதவித்தொகை தவறாமல் வந்துகொண்டிருந்தது, வருகைப் பதிவுதான் குறைந்தது. அவளுக்கு அப்போது தேவைப்பட்டது கல்லூரிப் பக்கத்தில் ஒரு விடுதிக் கட்டில். ஒரு பிள்ளையின் வங்கிக் கணக்கில் பணம் போட்டுவிட்டால் நியாயம் செய்தாகிவிட்டது என்று நினைக்கிற அதிகாரிகளிடம் நான் இதைத்தான் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

உங்கள் தீவில் பிறந்த கலாமை எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன், ஆனால் வேறொன்றுக்காக. சென்னையில் எம்.ஐ.டி. என்ற பொறியியல் கல்லூரியில் சேர ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. அக்கா ஜொகரா வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அங்கே படிக்கும்போது அவருக்கு உதவித்தொகையும் கிடைத்தது. தகுதி வேறு, தேவை வேறு என்று நாம் பிரித்துப் பேசுகிறோமே, அவரிடம் இரண்டும் ஒன்றாக இருந்தன. அக்கா கையில் வளையல் இல்லாத வீடுகளிலிருந்து இந்தக் கரையில் எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. நீங்கள் இன்று அந்த வளையலுக்குப் பதிலாக உங்கள் இரண்டு கையையும் அடகு வைக்கப் பார்க்கிறீர்கள். அதற்கு அவசியம் இல்லை.

தங்கை அரசு மகளிர் கல்லூரியில் சேரட்டும். அரசுக் கலைக் கல்லூரி இளநிலைப் படிப்பில் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. சேரும்போது கட்டும் தொகை நீங்கள் பயப்படுகிற அளவுக்கு வராது. இலவசப் பயண அட்டை கேளுங்கள். விடுதியில் இடம் கேட்டு முதல் நாளே மனுக் கொடுங்கள். பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்திருந்தால் 7.5 சதவீதத்தில் அழைப்பு வருகிறதா என்று பாருங்கள், வந்தால் அவள் விருப்பம். வேதியியல்தான் பிடிக்கும் என்றால் மாற்றச் சொல்லாதீர்கள். வீட்டில் வேறு பட்டதாரி இல்லை என்பதால் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்று வாங்கி வைக்கலாம். அந்தக் கட்டணச் சலுகை ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேரும் தொழிற்படிப்புக்கு மட்டும்தான். அதற்கு வருமான வரம்பு இல்லை. சம்மாட்டி வீட்டில் பட்டதாரி இல்லையென்றால் அந்த வழியில் சேரும்போது அவர் மகனும் கேட்கலாம். வீட்டில் படித்தவர் இல்லாததும் ஒரு குறைதான், அது பணக்கார வீட்டிலும் இருக்கும் என்பதால் அந்த விதியை நான் குறை சொல்லவில்லை.

புதுமைப் பெண்ணுக்குக் கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான ஆதாரத்தை இப்போதே பள்ளியில் வாங்குங்கள். மத்திய அரசின் 12,000-க்கு வாரியம் வெளியிடும் கட்-ஆஃப் பார்த்துத் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் போட வேண்டும். வேறு உதவித்தொகை வாங்குபவர்களுக்கு அது கிடையாது என்ற நிபந்தனை இருப்பதால், போடும் முன் கல்லூரி உதவித்தொகைப் பிரிவில் கேட்டு, எதை வைத்துக்கொண்டால் அதிகம் வரும் என்று பார்த்து முடிவெடுங்கள். பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் வகுப்பினருக்கான உதவித்தொகைகளுக்குப் பொதுவாக ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் என்று சான்று கேட்பார்கள். அம்மா மீனவர் நல வாரிய உறுப்பினர்தானா? உறுப்பினரின் பிள்ளைகளுக்கு அங்கே கல்வி உதவி உண்டு, அட்டையைப் புதுப்பித்து வையுங்கள்.

வருமானச் சான்றில் ஒரு கவனம். 'மாதம் எவ்வளவு' என்று கேட்டால் நல்ல பாடு வந்த மாதத்தைச் சொல்லிவிடாதீர்கள். டீசல், ஐஸ் கழித்து உங்கள் பங்கு என்ன, தடைக்காலம் 61 நாள் வருமானம் இல்லை, காற்று மோசமான நாளில் கடலுக்குப் போகவில்லை, இதையெல்லாம் சேர்த்து ஆண்டுக் கணக்காகச் சொல்லுங்கள். அது பொய்யல்ல, உங்கள் தொழிலின் உண்மையான கணக்கு அதுதான். பிளஸ் டூ முடிவு மே மாதம், சேர்க்கை ஜூன் மாதம், நம் கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14. பாசி எடுப்பதையும் அந்த நாட்களில் நிறுத்தி வைக்கிற ஊர்கள் உண்டு. கையில் காசே இல்லாத நேரத்தில் முதல் கட்டணம் கேட்கிற ஏற்பாட்டை யோசித்தவர்கள் கடற்கரையைப் பார்த்ததில்லை. மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு முதல் தவணையை ஆகஸ்டுக்குத் தள்ளிவைக்கச் சொல்லி நான் மூன்று முறை எழுதினேன். பதில் இல்லை. இந்தப் பக்கத்தின் வழியாக நான்காவது முறையாகக் கேட்கிறேன்.

தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் உங்கள் கணக்கில் வந்திருந்தால் அதில் சேர்க்கைத் தொகையை எடுத்து வையுங்கள். தங்கை பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா, ஆதார் அதோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இது ஒன்று சரியில்லாமல் மாதக்கணக்கில் பணம் வராமல் நின்ற பிள்ளைகள் என்னிடம் நிறைய வந்திருக்கிறார்கள். படகு கிளம்பிவிட்டால் நீங்கள் கரையில் இருக்கும் நேரத்தில் இ-சேவை மையம் பூட்டியிருக்கும். அதனால் 14-ஆம் தேதிக்குள் ஒரு நாள் காலையிலேயே அவளைக் கூட்டிக்கொண்டு போய் வந்துவிடுங்கள். குடும்ப அட்டை, ஆதார், மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றிலும் இரண்டு நகல். அசலை எங்கேயும் விட்டுவிட்டு வராதீர்கள்.